பாலத்துக்கு அடியில் ஒரு நாற்காலி

புதிதாகக் கட்டிய பாலத்தில் மணல் லாரிகளை ஏற்றிச் சோதிக்கும்போதெல்லாம், பொறியாளர் இன்னாசிமுத்து அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். மேலே லாரிகள் நிற்கும் நேரம் முழுக்கப் பேப்பர் படிப்பார். அவை இறங்கிய பிறகு எழுந்து வந்து கையெழுத்திடுவார். ஒருமுறை ஒரு பாலத்துக்கு அடியில் உட்கார மறுத்துவிட்டார். அதை இடித்துவிட்டு மறுபடி கட்டினார்கள்.

அவர் இறந்தபின் நடக்கும் முதல் சோதனை இது. தொடங்குமுன் அவருக்காகத் தலைகுனிந்து நின்றோம்.

"அப்படி ஒரு நேர்மையான மனுஷன இனிமே பாக்க முடியாது" என்றார் தலைமைப் பொறியாளர். ஒப்பந்தக்காரர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

வாட்ச்மேன் பழக்கத்தில் நாற்காலியைக் கொண்டுபோய்ப் பாலத்துக்கு அடியில் போட்டிருந்தார். எல்லோரும் அதைப் பார்த்தோம். பிறகு வறண்ட ஆற்றைப் பார்த்தோம்.

"வண்டிய ஏத்துப்பா" என்றார் ஒப்பந்தக்காரர்.

முதல் லாரியின் டிரைவர் தலையை நீட்டிக் கீழே பார்த்தார். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"யாராச்சும் போய் உக்காருங்க சார். ஏத்துறேன்."

ஒப்பந்தக்காரர் தலைமைப் பொறியாளரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். இந்த முறை கையெழுத்திட வேண்டியவன் நான்.