மிதவைப் படகில் வந்தவர்

"அவுகளுக்குத் தோதா லைஃப் ஜாக்கெட்டு எங்கிட்ட இல்லையே, அம்பலாரே!"

வாஹித் கையிலிருந்த ஆரஞ்சு நிறச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இருப்பதிலேயே பெரிய அளவு அதுதான். அவருடைய கழுத்துக்குக்கூடப் போதாது.

"அவுகளுக்கு நீச்சல் தெரியும். இங்குட்டுக் குடு, எனக்குத்தான் தெரியாது" என்று வாங்கி மாட்டிக்கொண்டார் ஊர்த் தலைவரான அம்பலம் கோட்டைச்சாமி.

துபாய்ப் படகுத்துறையில் பதினோரு வருடம் வேலை பார்த்துத் திரும்பிய வாஹித், போன ஐப்பசியில்தான் இந்தப் படகைக் கண்மாயில் இறக்கினான். நீளமான இரண்டு அலுமினியக் குழாய்கள், அவற்றின்மேல் தட்டையான மேடை, சுற்றிலும் கம்பி, முன்னால் கதவு, பின்னால் மோட்டார். சோபா, நிழல்துணி, டம்ளர் வைக்கக் குழி எல்லாம் உண்டு. ஊரிலுள்ள பழைய பங்களாக்களைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் ஒரு சுற்றுப் போவார்கள் என்பது அவன் நினைப்பு. "தண்ணிக்குள்ள எதுக்குடா வரவேற்பறை?" என்று ஊர் சிரித்தது. பொங்கல் கழிந்ததும் படகை எடுத்துவிட வேண்டும் என்று கூட்டத்தில் சொல்லியே விட்டார் அம்பலம்.

அந்தப் பொங்கலுக்குத்தான் இப்படி ஆனது. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்ததில் பாலம் உடைந்துபோய்விட்டது. கோவிலூர் வழியாகச் சுற்றினால் ஒன்றரை மணி நேரம். ஒன்பது மணிக்குள் அக்கரைப் பொட்டலில் அம்பலம் 'அவுக' என்று சொன்னவர் வந்து நிற்காவிட்டால், நாலு தலைமுறையாக இந்த ஊர் வாங்கும் முதல் மரியாதை அடுத்த ஊருக்குப் போய்விடும். மணி எட்டே கால்.

"பத்திரமாக் கொண்டுபோய்ச் சேத்துட்டா உன் படகு இங்குட்டே கெடக்கட்டும். அவுக மேல ஒரு கீறல் விழுந்துச்சு, சாயங்காலமே கழட்டி எடைக்குப் போட்டுரு" என்றார் அம்பலம்.

வாஹித்தின் மனைவி பெனாசிர் படகிலிருந்து குரல் கொடுத்தாள். "சோபாவெல்லாம் கழட்டியாச்சு. வழுக்காம இருக்க ஈரச் சாக்கு விரிச்சிருக்கேன்."

"சோபாவை ஏம்மா கழட்டுன?" என்று கேட்டார் அம்பலம்.

"அவுக என்ன, உக்காந்தா வரப் போறாக?" என்றார் செம்மலை. சின்ன வயதிலிருந்தே அவரைக் கூட இருந்து பார்த்துக்கொள்பவர். "தம்பி, பாட்டு மட்டும் போட்டுறாத. நல்லவுகதான். ஆனா சுருக்குன்னு கோவம் வந்துரும். போன வருசம் போட்டோ எடுக்க வந்தவனை பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வெரட்டிட்டுப் போனாக."

அவர் வந்தார். கழுத்தில் சம்பங்கி மாலை, அதன்மேல் பட்டுத் துண்டு. கூட்டம் விலகி வழிவிட்டது. பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பெனாசிர் படகிலிருந்து இறங்கிக்கொண்டாள். படகருகே வந்தவர் தண்ணீரைப் பார்த்தார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். யார் கூப்பிட்டும் அசையவில்லை. செம்மலை காதோரம் போய் ஏதோ சொன்ன பிறகுதான் காலெடுத்து வைத்தார். படகு ஒரு சாண் அமிழ்ந்து நின்றது.

"தாங்குமாப்பா?"

"பன்னெண்டு பேரைத் தாங்கும், அம்பலாரே."

"நாம நாலு பேருதானே."

"அவுக ஒருத்தரே ஏழெட்டுப் பேருக்குச் சமமாச்சே!"

"அது சரி" என்று மீசையைத் தடவிக்கொண்டார் அம்பலம், தன்னையே புகழ்ந்ததுபோல.

"பிஸ்மில்லா" என்று வாஹித் மோட்டாரை முடுக்கினான்.

பாதிக் கண்மாய் தாண்டியிருக்கும். மோட்டார் இருமி நின்றது.

"பாசி சுத்திக்கிச்சு" என்று வாஹித் நங்கூரத்தை வீசிவிட்டு, மோட்டாரைத் தூக்கிக் கத்தியை எடுத்தான். அந்த நேரம் பார்த்து அக்கரையில் வெடி போட்டார்கள். மிரண்டுபோன அவர் விருட்டென்று இடதுபக்கம் நகர்ந்தார். படகு சாய்ந்தது.

"அம்பலாரே, வலது பக்கம் போங்க! செம்மலையண்ணே, அவுகளை நடுவுக்குக் கூப்பிடுங்க!"

அம்பலம் பாய்ந்து வலதுபக்கக் கம்பியைக் கட்டிப்பிடித்தார். "கருப்பா, காப்பாத்து! கவுந்துருமாடா?"

"கவுறாது. ரெண்டு குழாய்ல நிக்கிது, அம்பலாரே. பரிசலா இருந்தா இந்நேரம் அடியில மீனோட பேசிக்கிட்டு இருப்பீக."

அவரைத் தட்டிக்கொடுத்துத் தட்டிக்கொடுத்து நடுவுக்குக் கொண்டுவந்தார் செம்மலை. படகு நிமிர்ந்தது. நாலு பிடிப் பாசியை அறுத்து எறிந்ததும் மோட்டார் சிரித்துக்கொண்டு கிளம்பியது. படகோரம் தொங்கவிட்டிருந்த ரப்பர் உருளைகள் கரையை மெத்தென்று முட்டியபோது எட்டு ஐம்பத்திரண்டு.

கரையிறங்கிய அம்பலம், அக்கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்: "இனிமே எவனாச்சும் இந்தப் படகை எடுக்கச் சொன்னா எங்கிட்டச் சொல்லு, வாஹித்து!"

"நீங்கதானே சொன்னீக, அம்பலாரே!"

"நேத்துச் சொன்னதையெல்லாம் இன்னைக்கிப் பேசக் கூடாதுப்பா!" என்று அவனைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

செம்மலை அவரைப் பொட்டலுக்கு நடத்திக்கொண்டு போனார். சரியாக ஒன்பது மணி. ஒலிபெருக்கி ஊர்ப் பெயரைச் சொல்லி முதல் மரியாதையை அறிவித்தது. கொட்டு முழங்கியது. வாஹித் கைதட்ட மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பொட்டலோரம் இருந்த தொழுவின் கதவு திறந்தது. கழுத்துப் பட்டு காற்றில் பறக்க, கொம்பைச் சிலுப்பிக்கொண்டு, மஞ்சுவிரட்டுப் பொட்டலில் எல்லாக் காளைக்கும் முதலாக நாலுகால் பாய்ச்சலில் இறங்கினார், அவர்கள் ஊர்க் கோயில் காளை.