தினமும் இறங்குபவள்

குன்வோர் கம்பளிக் கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டதும், தண்ணீர் புகாத ஆரஞ்சு நிற மிதவை உடுப்புகளுக்குள் நின்றிருந்த சுற்றுலாப் பயணிகள் பேச்சை நிறுத்தினார்கள்.

உள்ளே செம்பருத்திப் பூப் போட்ட நீச்சலுடை. கேனரித் தீவுக்கு வெயில் காயப் போனபோது வாங்கியது. தலையில் பின்னல் குல்லாய், காலில் கம்பளிக் காலுறை.

வயது அறுபத்தெட்டு. குளிர், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்துநான்கு.

நண்பகல்தான். ஆனால் ஜனவரியில் அந்த வடகோடி ஊரின் சூரியன், எட்டிப் பார்த்துவிட்டுப் போவதையே பெரிய உபகாரமாக நினைக்கும்.

உறைந்த ஆற்றில் ரம்பம் வைத்து அறுத்துத் திறந்த செவ்வகம் ஒன்று கறுப்பாகக் கிடந்தது. நாலு கட்டில் போடலாம். சவுனா என்னும் நீராவி அறையில் வெந்து சிவந்தவர்கள் ஓடி வந்து முங்கும் இடம். ஊர்க்காரர்கள் அதைத் துறை என்பார்கள்.

ஸ்டாஃபான் அதற்குத் ‘துணிவின் வாசல்’ என்று பெயர் சூட்டிப் பலகை நட்டிருந்தான். ஸ்டாக்ஹோமிலிருந்து வந்து சாகச விடுமுறை நிறுவனம் நடத்துகிறவன். துறையைத் தன் விருந்தினருக்கு மட்டும் ஒதுக்கிவிட வேண்டும் என்று நகராட்சியிடம் கேட்டிருந்தான். ஊரில் இப்போது யாரும் அங்கே குளிப்பதில்லை என்பது அவன் வாதம்.

உண்மையா என்று கண்ணால் பார்க்க, நகராட்சி அம்மாள் இன்று வந்து நிற்கிறாள். ஒருவரும் இறங்கவில்லை என்றால் நாளை துறையைச் சுற்றிக் கயிறு.

ஆனால் இறங்க ஆள் வேண்டுமே. குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் ஸ்டாஃபான் தன் விடுதியின் வெந்நீர்க் குளத்துக்கு இலவச அட்டை கொடுத்துவிட்டான். வீரம் வெதுவெதுப்பில் கரைந்துவிட்டது. அட்டையை வாங்க மறுத்தவள் எல்னா ஒருத்திதான். அவளும் போன வாரம் வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு பெஞ்சில் இருந்தாள். காபிக் கோப்பையில், அந்த ஊர் வழக்கப்படி, பாலாடைக்கட்டித் துண்டுகள் மிதந்தன.

மிச்சம் குன்வோர். முப்பது குளிர்காலமாக எல்னாவோடு இந்தத் துறைக்கு வருகிறவள்.

ஸ்டாஃபான் சொற்பொழிவின் நடுவில் இருந்தான். மனித எல்லை, ஆதி அச்சம் எல்லாம் தாண்டி, ‘உங்களுக்குள் உறங்கும் ஓநாய்’ வரை வந்திருந்தான். ஓநாய்கள், செத்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சூடான பெர்ரிச் சாறு குடித்து, கழுத்துவரை ஜிப்பை இழுத்துக் காத்திருந்தன. மிதந்து முடித்ததும் சான்றிதழ் உண்டு.

குன்வோர் ஓநாய்களை விலக்கிக்கொண்டு நடந்தாள்.

“குன்வோர் அம்மா, பாதுகாப்பு உடுப்பு இல்லாம யாரும் இறங்கக் கூடாது. விதி இருக்கு.”

“அந்த விதிய உன் உடுப்புக்குள்ள போட்டு ஜிப்ப இழுத்துக்கோ, தம்பி. ஆத்துல இறங்க இந்த நாட்டுல எவன் அனுமதியும் வேண்டாம்.”

“இந்த வயசுல இதயம் நின்னுடும்மா.”

“நின்னா, உன் சான்றிதழ என் பெட்டிக்குள்ள வச்சு அனுப்பு.”

ஏணியின் கைப்பிடியைப் பற்றினாள். விரல் மூட்டுகள் வெளுத்தன. தண்ணீரைப் பார்க்கவில்லை. நகராட்சி அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு காலை வைத்தாள்.

முழங்கால். இடுப்பு. செம்பருத்திகள். கழுத்து.

முகம் அசையவில்லை. உதடு மட்டும் ஏதோ சொன்னது. ஜெபமா வசையா, ஆற்றுக்குத்தான் கேட்டிருக்கும்.

எதிர் விளிம்புவரை நீந்தினாள். அங்கே ஒரு கணம் பனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி வந்தாள்.

ஓர் ஆரஞ்சு உடுப்பு கைதட்டத் தொடங்கியது. மற்றவையும் தட்டின. ஒருவர் மட்டும் தன் கழுத்து ஜிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

நகராட்சி அம்மாள் பெஞ்சுப் பக்கம் குனிந்தாள்.

“இவங்க தினமும் இறங்குவாங்களா?”

எல்னா உதட்டைக் குவித்து, மூச்சைச் சுர்ரென்று உள்ளே இழுத்தாள். வடக்கே ஓர் ‘ஆமா’வுக்கு அதற்கு மேல் செலவழிப்பதில்லை. சொற்களெல்லாம் தெற்கத்தியரின் ஆடம்பரம்.

நகராட்சி அம்மாளும் வடக்கத்திக்காரிதான். ஸ்டாஃபானிடம் சுருக்கமாகச் சொன்னாள்: “பலகையப் பிடுங்கிடுங்க.”

குன்வோர் ஏறி வந்தாள். ஸ்டாஃபான் நீட்டிய துண்டைக் கண்டுகொள்ளவில்லை. குல்லாய் கோணாமல், அவசரம் காட்டாமல், சவுனாவை நோக்கி நடந்தாள். எல்னா கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

கதவு சாத்தியதும் குன்வோர் கீழ்ப்பலகையில் சரிந்து உட்கார்ந்தாள். பற்கள் தந்தியடித்தன.

எல்னா நல்ல கையால் அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

“அடிப்பாவி. முப்பது வருஷமா என் துண்ட மடியில வச்சுக்கிட்டு கரையில ஸ்வெட்டர்தானேடி பின்னிட்டிருந்தே. ஆத்துத் தண்ணினாலே நடுங்குவே. ஒருநாளாவது கணுக்கால நனைச்சிருக்கியா?”

குன்வோர் கட்டுக்கு அடங்காத தாடையோடு கேட்டாள்:

“அந்தம்மா கேட்டதுக்கு என்ன சொன்னே?”

“தினமும்னு.”

குன்வோர் அகப்பையை எடுத்து, அடுப்பில் பழுக்கக் காய்ந்த கற்கள்மேல் தண்ணீரை வீசினாள். ஆவி சீறிக் கிளம்பி இருவரையும் மூடியது.

“அப்ப நாளைக்கு எத்தனை மணிக்குடி?”