கிளிக்குரல்

"யாரு அந்தப் புள்ளைன்னு மட்டும் சொல்லுங்க மேடம். நான் ஒண்ணும் திட்ட மாட்டேன்."

அறிவியல் ஆசிரியர் பழனிமுத்து விடுவதாக இல்லை.

"அது மட்டும் முடியாதுங்க சார்" என்றார் கோகிலவாணி. வாரம் ஒருநாள் அந்த மலைப் பள்ளிக்கு வந்து போகும் மனநல ஆலோசகர் அவர்.

நேரில் கேட்டால் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். யாருமில்லாத அறையில் டேப்லெட்டிடம் தனியாகப் பேசலாம். பேசுவது யாராக இருந்தாலும் அது குரலைக் கிளிக்குரலாக்கிப் பதிந்துகொள்ளும். பிள்ளைகள் சம்மதித்ததை மட்டும் சம்பந்தப்பட்ட ஆசிரியருக்குப் போட்டுக் காட்டுவார்.

மறுபடி அழுத்தினார். கிளி கீச்சிட்டது.

"சார் என்னைக் கருமொளகுன்னு கூப்பிடறாரு. எனக்கு அழுவாச்சியா வருது."

பழனிமுத்துவுக்கு நிஜமாகவே மனசு விட்டுப்போனது. அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து, வளைவுக்கு வளைவு குமட்டலை அடக்கிக்கொண்டு தினமும் மலையேறுகிற மனுஷன். கீழேயே மாறுதல் கிடைத்தபோதுகூட வேண்டாம் என்றுவிட்டார். எல்லாம் இந்தப் பிள்ளைகளின் சிரிப்புக்காக. ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்திருந்தார். கூப்பிட்டால் வகுப்பே அதிரும்.

"ஒத்தப் புள்ளை தொட்டாச்சிணுங்கியா இருந்தா நான் என்னங்க பண்றது? மத்ததெல்லாம் உழுந்து உழுந்து சிரிக்குதுங்க. நீங்களே வந்து பாருங்க."

கோகிலவாணி அடுத்ததை அழுத்தினார்.

"குச்சிக்கெழங்குன்னு கூப்பிட்டா எனக்குப் புடிக்கலீங்க மிஸ்."

அதே கிளி. ஆனால் அந்தப் பெயர் வேறு பிள்ளைக்கு வைத்தது. பழனிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பலாக்கொட்டைன்னு இப்ப எங்க ஊட்டுப் பக்கமும் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. கடைக்குப் போவவே வெக்கமா இருக்குது."

ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. ஆசையாசையாக அவர் வைத்த பெயர்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. ஏன் வைத்தோம் என்றிருந்தது அவருக்கு.

"சிரிச்சுதுங்களே மேடம்" என்றார் மெல்ல. "கூப்பிடறப்பெல்லாம் சிரிச்சுதுங்களே. பொய்யா சிரிக்கிற வயசாங்க அது?"

அவர் கண் கலங்குவதைப் பார்த்த கோகிலவாணி சட்டென்று டேப்லெட்டை நிறுத்தக் கையை நீட்டினார்.

"போதுங்க சார். அடுத்தது உங்களுக்குப் போடறதுக்கு இல்லீங்க."

விரல் படுவதற்குள் கிளி பேச ஆரம்பித்துவிட்டது.

"சார் ரொம்ப நல்லவருங்க மிஸ். ஒரு நா நாங்க யாரும் சிரிக்கலை. அன்னிக்குப் பூரா அவரு மொகமே வாடிப்போச்சு, பாவம். அதுலருந்து யாரைக் கூப்பிட்டாலும் எல்லாரும் சிரிச்சிரணும்னு பேசி வெச்சிருக்கறோம். சாருக்குச் சொல்லிராதீங்க மிஸ்."