கட்டில் ஏறிய பேட்டரி

காரைப் பெயிண்ட் அடிக்க விட்ட பலவேசம், கழற்றிய பேட்டரியை மனைவி கற்பகத்தின் கட்டிலில் வைத்தார்.

“ஏன், தரையில வைக்கக் கூடாதாக்கும்?”

“பட்டாசு கம்பெனி வாசல்ல செம்புத் தகட்டைத் தொட்டா நம்ம ஒடம்புக் கரண்டு பூமிக்குப் போகுதுல்ல? அது மாதிரிதான். சிமெண்டுத் தரையில கிடந்தா சத்தெல்லாம் போயிரும்.”

“அப்ப நான் எங்கன படுக்க?”

“தரையிலதான்.”

ஒரு மாதம் கழித்து பேட்டரியை மாட்டினால் வண்டி முனகக்கூட இல்லை.

மெக்கானிக் சிரித்தார். “தரையால ஒண்ணும் போகாதுண்ணே. இதுல யாரோ எதையோ ஓட்டியிருக்காக.”

பலவேசம் வீட்டுக்கு வந்து கத்தினார். “கட்டில்லயே வச்சும் சார்ஜ் எப்படி இறங்குச்சு?”

கற்பகம் கட்டிலுக்கடியிலிருந்து, பேட்டரியில் ஓடும் சின்னக் கார் ஃபேன் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“தரையில கிடந்தா சத்தெல்லாம் போயிரும்னு நீங்கதான சொன்னீக? ஒரு மாசமா கிடந்தது நானுல்ல!”