மைக்குக்கு முன்னால்

மேட்னி விட்டு வெளியே வரும் கூட்டத்தின் முகத்தில் வெயில் அறைகிறது. குமாரபாளையத்துத் தியேட்டர் வாசலில் சேனல்காரப் பெண் மைக்கை நீட்டி, ஒரு கவிஞனின் வாழ்க்கையைச் சொல்லும் அந்தப் படம் எப்படியென்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். "குடிச்சான், கூத்தியா ஊட்டுல கெடந்தான், ஆனா எழுத்து சாகலீங்களே!" என்கிறார் ஒரு பெரியவர். "ஏனுங்க, உங்கூட்டு மாப்பிள்ளையா இருந்தாலும் இதேதான் சொல்லுவீங்களா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, கூட்டம் சிரிக்கிறது. அகல்யா சிரிக்கவில்லை. கவிதையும் குடியும் வேறொருத்தி வீடுமாக அலையும் புருஷன் தீனதயாளனை, தான் ஓட்டும் விசைத்தறிகளை அரைநாள் நிறுத்திவிட்டு அவள்தான் கெஞ்சிக் கூட்டிவந்தாள். படத்தில் அந்தக் கவிஞனின் மனைவி தனியாகக் கிடந்து சாகும்போது இவன் தேம்பி அழுதான். இனித் திருந்திவிடுவான் என்று அவள் இருட்டில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது மைக் அவன் முன் நிற்கிறது. கண்கள் இன்னும் சிவந்திருக்கின்றன. "அழுதுட்டேனுங்க. எப்பேர்ப்பட்ட கவிஞன்! கட்டிக்கிட்டவளுக்குத்தான் அவன் அருமை தெரியலீங்க." கைதட்டுகிறார்கள். அகல்யாவின் விரல்கள், அறுந்த இழையை முடிவதுபோல, முந்தானை நுனியை முறுக்குகின்றன. மைக் அவள் பக்கம் திரும்புகிறது. "நீங்க சொல்லுங்கக்கா." நாளெல்லாம் எட்டுத் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை அது. "நல்லாருக்குதுங்க" என்கிறாள். "கேக்கலீங்கக்கா, கொஞ்சம் சத்தமா" என்று அந்தப் பெண் மைக்கை அவள் உதட்டருகே கொண்டுவருகிறாள்.