பிரிசில்லாவின் குரல்

சளி உறிஞ்சும் இயந்திரத்துக்கு நர்ஸ் பிரிசில்லாவின் குரலையே கொடுத்திருந்தார்கள். "பயப்படாதீங்கண்ணே, கொஞ்ச நேரந்தான்" என்று அவள் குரலில் சொல்லிவிட்டு, சளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணிக்கொரு முறை நோயாளி மாசிலாமணியின் தொண்டையில் மூச்சுக்காகப் போட்டிருந்த துளைக்குள் அது குழாயை நுழைத்தது.

"நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டு, தேவைப்பட்டாத்தான் எடுக்கணும் சார். சும்மா சும்மா போட்டா உள்ள புண்ணாயிடும். எத்தனை தடவை சொல்றது?" என்றாள் பிரிசில்லா.

"உங்க குரலைக் கேட்டா அவருக்கு ஒரு தைரியம் சிஸ்டர்," என்றார் மருத்துவமனை மேலாளர்.

"தைரியமா? கர்த்தரே! இங்க வந்து பாருங்க." அவள் கட்டிலருகே குனிந்து, "அண்ணே, தூங்கினீங்களா?" என்றாள்.

மாசிலாமணி கண்களை இறுக மூடி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

பிரிசில்லா இயந்திரத்தை அணைத்தாள். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல், அவர் விரல்கள் கம்பியை விடும்வரை அவற்றின்மேல் தன் கையை வைத்திருந்தாள்.