விளையாடிப் பாக்காத ஃபிளிப்பர்

கண்ணுக்கு முன்னால என்ர மனுசன் ஏமாறினதைப் பாத்துக்கொண்டு நிண்டனான். என்னால ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சு.

நிலக்சனுக்குப் பழைய ஃபிளிப்பர் மெஷினுகளில ஒரு பைத்தியம். பட்டனை அமத்த, கண்ணாடிக்குக் கீழ இரும்புக் குண்டு டாங் டாங் எண்டு அடிபட்டு ஓடுமே, அந்த விளையாட்டு மெஷின்தான். முந்தி இஞ்ச ஜேர்மனியில பியர் குடிக்கிற எல்லாத் தவறணையிலயும் ஒண்டு நிக்குமாம். உதுகளைத் தேடி வாங்கித் துடைச்சு, கலியாண வீடு, பிறந்தநாள் எண்டு வாடகைக்கு விடுறார். பீலெஃபெல்டில இருக்கிற எங்கட சனத்துக்கு முதலில சிரிப்பு. இப்ப வாற சனிக்கிழமைக் கலியாணத்துக்கு நாலு மெஷின் கேட்டிருக்கினம். எங்களிட்டை ஓடுறது மூண்டுதான். இந்த ஓடர் வடிவா முடிஞ்சாத் தொழில் நிமிரும், இல்லாட்டித் திரும்பவும் ஃபக்டரிதான் எண்டு அவரே சொன்னவர்.

வாங்கிறதில அவருக்கு ஒரு சட்டம் இருக்கு. விளையாடிப் பாக்காமல் ஒரு மெஷினையும் தூக்கமாட்டார். விக்கிற ஆள் கோப்பி தந்தாலும் பிறகு குடிப்பம் எண்டுவார். ஒரு ஆட்டம் முழுசா விளையாடி, லைட்டெல்லாம் பாத்துத்தான் விலை கதைப்பார்.

நானும் அப்பிடித்தான். கத்தரிக்காயைக்கூட அமத்திப் பாத்துத்தான் எடுப்பன். எல்லாம் நிலக்சன்ர அப்பாவுக்குப் பயந்து. மாமா எங்களோடதான் இருக்கிறார். கொழும்பில பெரிய ஹோட்டலில குக்கா இருந்தவர். நான் வந்த நாள் தொடக்கம் என்ர கறியில ஒரு குறை சொல்லாமல் அவர் சாப்பிட்டு எழும்பினதில்லை.

சரி, அண்டைக்கு விளம்பரம் பாத்து, நீமன் எண்ட ஒரு கிழவன்ர தவறணைக்குப் போனம். வயசு போட்டுது எண்டு கடையைப் பூட்டுறார். மேசை கதிரை எல்லாம் வித்து முடிஞ்சுது. மூலையில அந்த ஃபிளிப்பர் மட்டும் நிக்குது.

நல்ல மெஷின், நேற்றும் ஒரு ஆட்டம் விளையாடினனான் எண்டார் கிழவன். பக்கத்தில நிண்ட அவற்ர மனுசி அவரைப் பெருமையாப் பாத்துத் தலையாட்டினா. நான் மெஷின்ர வயரைப் பாத்தன். சுருட்டிக் கட்டிக் கிடக்குது, அதில விரல் மொத்தத்துக்குத் தூசி. நேற்று விளையாடினவராம்!

வயரை அவிட்டுப் பிளக்கில குத்திப் பாப்பம் எண்டு குனிஞ்சன். நிலக்சன் என்ர கையைப் பிடிச்சிட்டார்.

"தேவையில்லை, ஹெர் நீமன். நீங்கள் சொன்னாச் சரி."

கிழவனுக்கு அப்பத்தான் மூச்சு வந்தது. கள்ளன் எண்டு மனசுக்குள்ள திட்டினன். என்ர மனுசன் கேட்ட விலையைக் குடுத்தார். மெஷினை வானில ஏத்தினார். கிழவனுக்கும் மனுசிக்கும் கை குடுத்தார். தன்ர பேரைக்கூடச் சொல்லேல்லை.

வான் வெளிக்கிட்டதும் நான் துவங்கினன். உமக்கென்ன விசரோ, அந்தக் கிழவன் பச்சைப் பொய் சொல்லுது, சனிக்கிழமை கலியாண வீட்டில என்ன முகத்தோட போய் நிக்கப் போறீர் எண்டு ஒண்டும் மிச்சம் விடேல்லை.

அவர் ரோட்டைப் பாத்தபடி வானை ஓட்டிக்கொண்டு வந்தார். கடைசியா, "அது செத்த மெஷின் எண்டு எனக்குத் தெரியும். கிட்டப் போகவே கருகின மணம் வந்தது" எண்டார்.

தெரிஞ்சுகொண்டோ வாங்கினனீர் எண்டு கத்தினன்.

"போட்டுப் பாத்திருந்தா அந்த மனுசிக்கு முன்னால கிழவன் பொய்யனாப் போயிருக்கும்."

போகட்டுமே, எங்களுக்கென்ன எண்டு கேட்டன்.

"அப்பா முதல் முதல் வேலை செய்தது அங்கதான்."

எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. கொழும்பு ஹோட்டல் குக்குக்கு அந்தச் சின்னத் தவறணையில என்ன வேலை?

"கொழும்பும் இல்லை, ஹோட்டலும் இல்லை" எண்டார் நிலக்சன். "அப்பா ஊரில மினிபஸ் கொண்டக்ரர். இஞ்ச அகதியா வந்து வேலை இல்லாமல் திரியேக்கை, குக் எண்டு பொய் சொல்லிக்கொண்டு நீமனிட்டைப் போனவர். அப்ப அவருக்கு ஒரு முட்டை பொரிக்கவும் தெரியாது."

ஒரு ஆளை எடுக்க முதல் ஒரு நாள் வேலை செய்விச்சுப் பாக்கிறதுதான் இஞ்சத்தே வழக்கம். அண்டைக்கும் குசினியில நிண்ட ஆக்கள், சமைச்சுக் காட்டச் சொல்லுங்கோ எண்டு கேட்டவையாம். மாமா வெங்காயத்தைத் தூக்கின விதத்திலயே நீமனுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். எண்டாலும் எல்லாருக்கும் முன்னால, தேவையில்லை, நீங்கள் சொன்னாச் சரி எண்டு ஏப்ரனை எடுத்துக் குடுத்தவராம். பேந்து ஆளில்லாத நேரம் பாத்து ஒவ்வொண்டாப் பழக்கினவராம்.

 எண்டாலும் நீமனிட்டை நீர் ஆரெண்டு சொல்லியிருக்கலாமே எண்டு கேட்டன்.

"சொல்லியிருந்தா, அப்பாவின்ர மகனையே ஏமாத்திப்போட்டன் எண்டு அந்தாளுக்கு நித்திரை வராது."

வழியில வானை நிப்பாட்டிப்போட்டுக் கலியாண வீட்டாருக்குப் போன் எடுத்து, மூண்டு மெஷின்தான் வரும் எண்டார். அவை ஏசினது எனக்கும் கேட்டுது.

வீட்டை வர, மாமா குசினியில. கோழிக்கறி கொதிச்சுக்கொண்டிருந்தது. அகப்பையில கொஞ்சம் அள்ளி, ஊதி என்னட்டை நீட்டினார்.

"பிள்ளை, உப்புக் காணுமோ எண்டு பாரும். கொழும்பு ஹோட்டலில நாங்கள் ருசி பாக்காமல் ஒண்டும் மேசைக்கு அனுப்பிறேல்லை."

மற்ற நாளெண்டா நானும் பதிலுக்கு ஒரு குறை கண்டுபிடிக்காமல் அகப்பையைத் திருப்பிக் குடுத்திருக்க மாட்டன்.

"தேவையில்லை மாமா. நீங்கள் சொன்னாச் சரி."